ஒரு பிடிச் சோறும் ஐந்து நிமிடமும்

அனிமேஷன் குறும்படத்துக்குக் கதை யோசிக்க உட்கார்ந்தவர்கள் முதலில் பேனாவை எடுப்பார்கள். நீங்கள் கால்குலேட்டரை எடுங்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஐந்து நிமிடப் படத்துக்கு 7,200 ஃபிரேம். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி வேலையைப் பாதியாகக் குறைத்தாலும் 3,600 படங்கள் வரைந்தாக வேண்டும். நாளொன்றுக்கு 20 படம் முடிக்கிற கை என்றால் 180 நாள். வண்ணம், பின்னணி, ஒலி எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

கதையை எழுதும்போதே இந்த எண்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ‘படை திரண்டு வந்தது’ என்பது நாவல் எழுதுகிறவருக்கு மூன்று சொல், உங்களுக்கு மூன்று மாதம். மறுபக்கம், ஒரு கிழவி அடுப்புக்கு முன்னால் குந்தியபடி யோசிக்கிற பத்து நொடியை நாலைந்து படங்களிலேயே முடித்துவிடலாம். அந்தப் பத்து நொடியில் அவள் என்ன யோசிக்கிறாள் என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால், படையைவிட அது பெரிய காட்சி.

எவ்வளவு கதை போதும் என்பதைத் திருச்சிக்காரர்கள் அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். உச்சிப் பிள்ளையார் கதை ஊருக்கே தெரியும். இராமனிடம் பெற்ற அரங்கனை விபீஷணன் இலங்கைக்குக் கொண்டுபோகிறான். வழியில் எங்கும் தரையில் வைக்கக் கூடாது. காவிரியைக் கண்டதும் நீராட வேண்டியிருக்கிறது. கரையில் மாடு மேய்க்கும் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறான். பையன் தரையில் வைத்துவிடுகிறான், அதன்பின் பெயர்க்க முடியவில்லை. விபீஷணன் துரத்துகிறான், பையன் பாறைமேல் ஏறி உச்சியில் உட்கார்ந்துகொள்கிறான், எட்டிப் பிடித்த விபீஷணன் அவன் நெற்றியில் ஒரு குட்டு விடுகிறான். பையன்தான் பிள்ளையார்.

இதில் இராமாயணப் போர் எங்கே? இல்லை. ‘இராமன் கொடுத்தது’ என்ற அளவோடு நிற்கிறது. இருப்பது ஒரு பொருள், ஒரு விதி, எதிரெதிராக இழுக்கும் இரண்டு விருப்பங்கள், ஓடி ஏறுவதற்கு ஒரு பாறை, கடைசியில் நெற்றியில் மிஞ்சும் ஒரு தழும்பு. தரையில் வைக்கக் கூடாது என்று காதில் விழுந்ததுமே, எப்போது வைக்கப் போகிறார்கள் என்று பார்ப்பவர் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறார். காத்திருக்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தக் கதையை ஒரு சொல்கூடப் பேசாமல் சைகையிலேயே சொல்லிவிடலாம். உங்கள் கதையையும் அப்படி ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் வாயைத் திறக்க வேண்டி வருகிறதோ அந்த இடத்தில் கதை இன்னும் படமாகவில்லை.

பெரிய கதையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் பக்கத்திலேயே இருக்கிறது. மணப்பாறை வட்டத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது ஊரே நினைத்துக்கொள்ளும் அண்ணன்மார் கதையை, பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி தங்காள் கதையை, கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் கொங்கு நாட்டில் தங்கிப் பாடகர்களிடமிருந்து ஒலிப்பதிவு செய்தார். பல ஆண்டுகள் கழித்து அதையே ‘தி லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா’ என்ற அனிமேஷன் தொடராக்கினார். 26 பகுதிகள். முழுக் கதை கேட்கிற இடம் அவ்வளவு. அதை ஐந்து நிமிடத்தில் அடைக்க முயன்றால் பின்குரல் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும், படங்கள் அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடும். கல்லூரி விழாக்களில் இப்படி எத்தனையோ படங்கள் ஓடுகின்றன.

அந்தக் கதைக்குள்ளேயே ஒரு குறும்படம் ஒளிந்திருக்கிறது. பெக் பதிவு செய்த வடிவத்தில் பொன்னாச்சி என்று ஒரு குட்டி நாய் வருகிறது. கொம்பன் என்ற ராட்சதக் காட்டுப்பன்றியை வேட்டையாடப் போகும்போது அதை மட்டும் யாரும் அழைப்பதில்லை. அதற்குக் கோபம் வருகிறது. கடைசியில் பன்றியை வீழ்த்த அந்தச் சின்ன வாயின் கடி தேவைப்படுகிறது. மலையளவு பன்றி, உள்ளங்கையளவு நாய், அழைக்கவில்லையே என்ற ஒரு மனத்தாங்கல். அளவில் இவ்வளவு வேறுபாடு இருந்தால் பென்சில் தானாக நகரும். காப்பியத்திலிருந்து எடுங்கள், தவறில்லை. நாயை மட்டும் எடுங்கள்.

இனி பச்சைமலைக்கு வருவோம். இந்த அத்தியாயத்தின் பயிற்சிக் கதை அங்கேதான் விளைகிறது.

திருச்சிக்கு வடக்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு அது. பெரம்பலூர், சேலம் மாவட்டங்களுக்குள்ளும் நீண்டு கிடக்கிறது. துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாக மலைப்பாதை ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. மலைக்கு மேலே மரவள்ளி, சாமை, முந்திரி, பலா, புளி. இருப்பவர்கள் மலையாளிகள். மலைக்காரர்கள் என்ற பொருளில் வந்த பெயர், கேரளத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், பேசுவது தமிழ்தான்.

ஹெமிங்வே தொகுத்த திருச்சிராப்பள்ளி மாவட்ட கெசட்டியர் 1907இல் வெளிவந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூலும் அதிலிருந்து எடுத்தாள்கிறது. மலையாளிகளின் வரலாற்றுக் கதை அதில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் அரசனோடு மனம் கசந்து, அவன் உடன்பிறந்த பூசாரி ஒருவர் பிள்ளைகளோடு கிளம்பி வருகிறார். மூத்த மகன் சேர்வராயன் மலையையும் நடுமகன் பச்சைமலையையும் எடுத்துக்கொள்கிறார்கள், இளையவன் வேறொரு மலைக்குப் போகிறான். நடுமகன் இந்த மண்ணின் வேடர் குலப் பெண்ணை மணக்கிறான். வழக்கம்போலப் போரும் உண்டு, சங்கு ஊதுவதும் உண்டு.

படம் எடுக்க வருகிறவர்களின் கண் அந்தச் சங்கின்மேல்தான் விழும். அதைத் தாண்டிப் போங்கள். கொஞ்சம் கீழே ஒரு சிறு குறிப்பு கிடக்கிறது: பச்சைமலைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் கணவனுக்குப் பரிமாறுவதற்கு முன்னால், வேடர் குல முன்னோருக்கென்று உணவில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வைப்பார்கள். கல்யாணத்தில் அந்த முன்னோர் நினைவாகச் சீப்பு அணிவார்கள், மாப்பிள்ளைகள் பந்தலில் வாளும் அம்பும் வைப்பார்கள்.

முதலில் எடுத்து வைக்கும் அந்தப் பங்குதான் நம் படம். உச்சிப் பிள்ளையார் கதையில் இருந்ததெல்லாம் இதிலும் இருக்கிறது. ஒரு பொருள்: ஒரு பிடிச் சோறு. ஒரு விதி: அதை எடுத்து வைக்காமல் வீட்டில் யாருக்கும் சாப்பாடு கிடையாது. போரில்லை, கூட்டமில்லை, ஓர் அடுப்படி போதும்.

கதையாக்கும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது. பேத்தி கேட்கிறாள், “ஆயா, இது யாருக்கு?” ஆயா கண்ணை மூடுகிறாள். காஞ்சிபுரம், மூன்று அண்ணன் தம்பிகள், மலை, வேட்டை, கல்யாணம். திரும்ப அடுப்படி. பேத்தி புரிந்துகொண்டு கும்பிடுகிறாள். முடிந்தது. இது படம் போட்ட பாடப்புத்தகம். பேத்திக்குக் கேள்வி இருந்ததே தவிர ஆசை இல்லை. கேள்விக்கு விடை கிடைத்தால் வாய் மூடிக்கொள்ளும். ஆசை இருந்தால்தான் கால் நகரும்.

ஆசையைக் கொடுத்துப் பார்ப்போம். பேத்திக்குச் சின்னு என்று பெயர் வைக்கலாம், ஏழு வயது. அவளுக்கு யாருக்கு என்று தெரிய வேண்டாம். வந்து தின்கிறவரைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆயா பிடிச் சோற்றை இலையில் வைத்துத் திண்ணையோரம் வைக்கிறாள். சின்னு குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். கோழி வருகிறது. விரட்டுகிறாள், முன்னோருக்கு வைத்ததைக் கோழி தின்னலாமா? நாய் வருகிறது, விரட்டுகிறாள். எறும்பு வரிசையாக வருகிறது, ஊதித் தள்ளுகிறாள். இருட்டுகிறது. யாரும் வரவில்லை. தூங்கிப்போகிறாள்.

விடிகாலையில் ஆயா வந்து பார்க்கிறாள். சோறு அப்படியே காய்ந்து கிடக்கிறது. அவள் முகம் வாடுகிறது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக யாரும் வரவில்லை. சின்னு அந்த முகத்தைப் பார்க்கிறாள். பிறகு முற்றத்தில் நிற்கும் கோழியைப் பார்க்கிறாள். அன்று ராத்திரி ஆயா பிடிச் சோறு வைத்ததும், சின்னுவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

இங்கே நடந்திருப்பதைப் பிரித்துப் பாருங்கள். அவள் ஆசையே அந்த ஆசைக்குத் தடையாகிவிட்டது. பார்க்க வேண்டும் என்று காவல் காத்ததால்தான் பார்க்கக் கிடைக்கவில்லை. வில்லன் கிடையாது. யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. வந்தவர்கள் கோழியாகவும் எறும்பாகவும் வந்தார்களா, வரவே இல்லையா என்பதைப் படம் சொல்வதில்லை. கடைசியில் ஒளிவட்டத்தோடு ஒரு வேடர் குலப் பாட்டி தோன்றினால் நன்றாயிருக்குமே என்று குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். 1907இல் ஓர் அதிகாரி எழுதியதை வைத்துக்கொண்டு இன்றைய வீட்டுக்குள் நுழையக் கூடாது. இந்த வழக்கம் உங்கள் காதில் விழும் ஊரில் எப்படி இருக்கிறது, எடுத்து வைத்த பங்கு பிறகு எங்கே போகிறது, இலையில் வைப்பார்களா வேறெதிலுமா, வீட்டுக்குள்ளா வெளியிலா, எல்லாம் மலையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘அதை நாங்களே அப்புறம் சாப்பிட்டுவிடுவோம்’ என்று ஓர் ஆயா சொல்லிவிட்டால் மேலே சொன்ன கதை அங்கேயே விழுந்துவிடும். விழட்டும். அந்தப் பதிலிலிருந்து இன்னொரு கதை எழும்பும், பெரும்பாலும் இதைவிட நல்லதாகவே இருக்கும். கேட்கப் போகும்போது ஸ்கெட்ச் புத்தகத்தோடு போங்கள், கேமராவை முதல் நாளே வெளியே எடுக்காதீர்கள். வரைந்துகொண்டிருப்பவர் பக்கத்தில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள், பிள்ளைகளைத் தேடிப் பெரியவர்கள் வருவார்கள், பேச்சு தானாகத் தொடங்கும்.

பாத்திரங்களை உருவாக்குவது

பாத்திரத்துக்கு வாழ்க்கை வரலாறு எழுதச் சொல்லும் நூல்கள் நிறைய உண்டு. பிறந்த ஊர், படிப்பு, பிடித்த நிறம். ஐந்து நிமிடப் படத்தில் அதில் ஒன்றும் திரைக்கு வராது. நான் கேட்கச் சொல்வது வேறு: யாரும் பார்க்காதபோது இந்த ஆளின் கை என்ன செய்கிறது?

ஆயாவின் கை யோசிக்காமலே முதல் பிடியை எடுத்துவிடும். அறுபது வருஷப் பழக்கம் அது. அதனால் அந்த அசைவு வேகமாக, கண் பார்க்காமல் நடக்க வேண்டும். பக்தியோடு மெதுவாக எடுத்து வைத்தால் அவள் சீரியல் பாட்டியாகிவிடுவாள். மலையில் ஏறி இறங்கிப் பழகிய கால்களை நேரில் பார்த்து வரையுங்கள். இறக்கத்தில் தலைச்சுமையோடு வருகிறவர்களின் முட்டி எப்படி மடங்குகிறது, கழுத்து எப்படி அசையாமல் நிற்கிறது என்று கவனியுங்கள். சமதளத்தில் நடக்கும்போதும் அந்த உடல் அதை மறப்பதில்லை. ஆயா நடந்து வருகிற நாலு நொடியில் அவள் எங்கே வாழ்ந்தாள் என்பது தெரிந்துவிட வேண்டும்.

சின்னுவின் கதை முழுக்கக் கழுத்தில் இருக்கிறது. எட்டிப் பார்க்கிறவள். கதவிடுக்கு, குதிர் ஓரம், ஆயாவின் தோளுக்கு மேலே, எங்கிருந்தாலும் அந்தக் கழுத்து நீளும். கடைசிக் காட்சியில் மட்டும் திரும்பிக்கொள்ளும். வசனமில்லாமல் ஒரு மாற்றத்தைச் சொல்ல இவ்வளவு போதும்.

இரண்டு பேரையும் கறுப்பு நிழலாக மட்டும் வரைந்து பாருங்கள். ஆயா தாழ்வாக, அகலமாக, தரையோடு ஒட்டியிருக்கிறாள். சின்னு ஒல்லியாக, நெட்டாக. நிழலை வைத்தே யார் எவர் என்று தெரிந்தால்தான் முகத்துக்குப் போகலாம். தெரியவில்லை என்றால் மூக்கையும் கண்ணையும் எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. கண் விஷயத்தில் ஒரு சொந்தக் கருத்து: சோகம் வேண்டுமென்றால் கண்ணைப் பெரிதாக்குவது இப்போது ஒரு நோயாகவே பரவியிருக்கிறது. பெரிய கண் வேண்டுமானால் கடவூர் காட்டுத் தேவாங்கை நாயகனாக்குங்கள். அதற்கென்றே 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். ஏழு வயதுப் பெண்ணுக்கு ஏழு வயதுக் கண் போதும்.

கோழிக்கும் குணம் வேண்டும். விரட்டப்பட்டும் அது திரும்ப வருகிறது. பயந்த கோழியா, மானம் கெட்ட கோழியா, அல்லது ‘இது என் உரிமை’ என்று நிமிர்ந்து வருகிற கோழியா? மூன்றாவதை எடுத்தால் சிரிப்பும் வரும், விடிகாலைக் காட்சியில் அதன்மேல் பார்வை விழும்போது அர்த்தமும் வரும். எறும்புக்குக் குணம் தேவையில்லை. புள்ளிகள்தான், மலிவு.

தோரணை கற்க ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக்கு ஒரு காலைப் பொழுது போய் வாருங்கள். முன்னங்கால் தூக்கிய குதிரைமேல் வீரன், கீழே புலி, வேல் பாயும் கணம். சிற்பிக்கு ஒரே ஒரு ஃபிரேம்தான் கிடைத்தது. முழு வேட்டையிலிருந்து எந்தக் கணத்தை எடுத்தால் முன்னும் பின்னும் தானாகத் தெரியும் என்று அவன் முடிவு செய்திருக்கிறான். உங்கள் கதையின் ஒவ்வொரு காட்சிக்கும் அப்படி ஒரே ஒரு படம் வரையுங்கள். ஸ்டோரிபோர்டு அங்கே தொடங்குகிறது. ஒரு காட்சிக்கு அந்த ஒற்றைப் படம் கிடைக்கவே இல்லை என்றால் அந்தக் காட்சி வேண்டியதில்லை.

உடை, வீடு, பொருள் பற்றி ஒரு வார்த்தை. மலைவாழ் மக்கள் என்றதும் தலையில் இறகும் இடுப்பில் இலையும் வரைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சின்னு பள்ளிச் சீருடையில் இருக்கலாம். வீடு ஓடா, தகரமா, காரையா என்று பார்த்து வரையுங்கள். பிடிச் சோறு சாமையா, ரேஷன் அரிசியா என்று தெரியாமல் அதற்கு நிறம் கொடுக்க முடியாது. அந்தக் கல்யாணச் சீப்பு இருக்கிறதே, அது அழகான பொருள், அதனாலேயே ஆபத்தானது. ஆயாவின் கொண்டையில் சொருகிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். கல்யாணத்தில் அணிவதாகக் குறித்திருக்கிறார்கள், அடுப்படியில் கொண்டுவந்தால் பொய். அது இன்னொரு படத்துக்கு இருக்கட்டும்.

வசனம் ‘யாருக்கு’ என்ற அந்த ஒரு கேள்விகூட இல்லாமலே நடக்கும். கீதாஞ்சலி ராவின் ‘பிரிண்டட் ரெயின்போ’ (2006) பதினைந்து நிமிடம் ஓடுகிறது. தனியாக வாழும் ஒரு முதியவள், ஒரு பூனை, தீப்பெட்டிப் படங்கள். பேச்சே கிடையாது. கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் பரிசு பெற்றது. வண்ணத்திலும் அதில் ஓர் உத்தி இருக்கிறது. கிழவியின் அன்றாடம் மங்கலாக, தீப்பெட்டிக்குள் அவள் நுழையும் உலகம் நிறம் நிறமாக. நம் படத்தில் அப்படி இரண்டு உலகம் இல்லை என்பதால் அந்த உத்தியை இரவல் வாங்க வேண்டாம். பேச்சில்லாமல் ஒரு கிழவியை எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். ஒலியை மலையிலேயே போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்: உலக்கைச் சத்தம், கதவுக் கீல், கோழி, இரவுப் பூச்சிகள்.

திரும்ப மலைக்கு

ஸ்டோரிபோர்டு படங்களை நேரக் கணக்கோடு அடுக்கி, பதிவு செய்த ஒலியைத் தற்காலிகமாக ஒட்டினால் அது அனிமேட்டிக். 3,600 படம் வரைவதற்கு முன்னால் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கடைசி வாய்ப்பு அதுதான். நண்பர்களுக்குக் காட்டாதீர்கள், பாராட்டுவார்கள். யாருடைய வழக்கத்தை எடுத்தீர்களோ அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இதற்கு முன்மாதிரி உண்டு. அனிமேஷன் கலைஞர் தாரா டக்ளஸும் உடன் வேலை செய்தவர்களும் மத்திய இந்தியப் பழங்குடிகளின் ஐந்து கதைகளை ‘தி டாலஸ்ட் ஸ்டோரி காம்பெட்டிஷன்’ என்று 2006இல் அனிமேஷனாக்கினார்கள். பிறகு ‘டேல்ஸ் ஆஃப் தி ட்ரைப்ஸ்’ என்று வடகிழக்குக்கும் போனார்கள். அந்தந்தச் சமூகத்துக் கலைஞர்களையும் இளைஞர்களையும் பட்டறைகளில் உட்கார வைத்து உருவங்களை அவர்கள் மரபிலிருந்தே எடுத்தார்கள், கோண்டு கதைக்கு கோண்டு ஓவியம் என்று. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு திண்ணையும் ஒரு லேப்டாப்பும் போதும்.

காட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள், பார்க்கிறவர்களைப் பாருங்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘இலையை அப்படி வைக்க மாட்டோம்’ என்று ஒரு பெண் சொன்னால் அந்த ஷாட்டைத் திருத்துங்கள், வாதாட வேண்டாம். ‘இதையெல்லாம் ஏன் வெளியே காட்டுகிறீர்கள்’ என்று ஒருவர் கேட்டால் அது திருத்தம் இல்லை, மறுப்பு. அப்போது அந்த வழக்கத்தை விட்டுவிட்டு வேறு கதைக்குப் போக வேண்டியிருக்கும். அனிமேட்டிக் நிலையில் அது சில வாரங்களின் இழப்பு, படம் முடிந்தபின் என்றால் பல மாதங்களின் இழப்பு. சம்மதித்தார்கள் என்றால் எழுத்தோட்டத்தில் பெயர் எப்படி வர வேண்டும், ஊர்ப் பெயர் மட்டும் போதுமா என்று அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் முதல் பிரதியை ஒரு பென் டிரைவில் போட்டு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள், போட்டிகளுக்கு அனுப்புவது அதற்குப் பிறகு.